பட்டணம் சேர்ந்தோர் பெற்றதும் இழந்ததும்



நம் நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கையோடு தொடர்புடைய ஒரு விஷயத்தை ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டு, கற்றோரும் மற்றோரும் ஒருங்கே உணரும்படி அதனை விளக்கவேண்டும் என்பது இச்சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை ஏற்படுத்திய பெருந்தகையின் விருப்பம். அதற்கிணங்க இவ்வாண்டு நான் தேர்ந்தெடுத்துக்கொண்ட பொருள், மக்கள் தாம் பிறந்த ஊரை விட்டுச் சில குறிப்பிட்ட நகரங்களையே நாடிச் செல்வது எதனால் என்பதும், அப்படிச் சென்றவர்கள் அங்கே பெறுவது எது, பெறுவதற்காக இழப்பது எது என்பதும் ஆகும். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்போருள் பாட்டனார் பிறந்த ஊரிலேயே தாமும் பிறந்து, அங்கேயே தொழில் செய்து, அங்கேயே மக்களுக்கு மணம் முடித்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். ஆதலால் இது நமக்கு அந்நியமான ஆராய்ச்சியன்று, நம் சொந்தக் குடும்ப வரலாறே என்று சொல்லலாம்.

'கெட்டும் பட்டணம் சேர்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நிலம் போய், மழை பொய்த்து, கடன் முற்றி, ஊரில் தலைகாட்ட முடியாமற் போனவனுக்கும் ஒரு வழி உண்டு என்று நம்பிக்கையூட்டுவதற்காக எழுந்த வாக்கு அது. போ என்று சொல்லிய அப்பழமொழி, போகிறவனை அப்பட்டணம் எவ்வாறு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த விடுபட்ட பகுதியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஊர் பெயர்ந்து செல்பவன் அடையும் இழப்புகளில் ஒரு பகுதி, பிரிவு என்பதன் இயல்பிலேயே அடங்கியது. அதை எவராலும் நீக்க முடியாது. எஞ்சிய பெரும்பகுதியோ நகரத்தை அமைக்கிறவர்களும் ஆளுகிறவர்களும் தொழில் நடத்துகிறவர்களும் அவன்மேல் ஏற்றிவைத்தது; அது நீக்கத்தக்கது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாவற்றையும் விதியென்றும் வளர்ச்சியின் விலையென்றும் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வழக்கம் தவறானது என்பதே என் கட்சி.

1. எவர், எங்கே, ஏன்?

1901-ஆம் ஆண்டில் இன்றைய தமிழ்நாட்டுப் பிரதேசத்தில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவு. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் நூற்றுக்கு 48 பேருக்கும் மேல்; இந்தியா முழுவதற்குமோ அவ்விகிதம் ஏறக்குறைய 31 தான். கிராமங்களாக இருந்தவையே வளர்ந்து நகரங்களாக வகைமாறியதும் இப்பெருக்கத்திற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் கால்தடம் இல்லாத தமிழ்நாட்டு நகரம் ஒன்றுகூட இல்லை.

இவ்விஷயத்தை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர், ஜெர்மனியில் பிறந்து இலண்டன் மாநகரில் குடியேறிய பூகோள சாஸ்திரி ராவென்ஸ்டைன் என்பவர். இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்குகளை ஆராய்ந்து, 1885-இல் அவர் சில பொதுவிதிகளை வெளியிட்டார். இடம்பெயர்வோரிற் பெரும்பாலோர் நெடுந்தூரம் செல்வதில்லை, அண்மையிலுள்ள ஊருக்கே செல்கின்றனர். ஓர் ஊரிலிருந்து மக்கள் நகரத்திற்குச் சென்றதும், அவ்வூரை அதனினும் தொலைவிலுள்ளவர்கள் வந்து நிரப்புகின்றனர். ஒரு திசையில் மக்கள் வெள்ளம் ஓடும்போது எதிர்த்திசையிலும் ஒரு சிறு ஓட்டம் உண்டாகின்றது. குறுகிய தூரம் பெயர்வோருள் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி: இவை அவர் கண்டவை. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கிற் பிறந்த இடத்தையோ முன்னிருந்த இடத்தையோ விட்டுப் பெயர்ந்தவர்களாகப் பதிவு பெற்ற சுமார் 45 கோடிப் பேருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதும், அவர்கள் பெயர்ந்தது பெரும்பாலும் விவாகத்தின் பொருட்டே என்பதும் கருதத்தக்கவை. புக்ககம் சென்ற பெண்ணை இடம்பெயர்ந்தவளாக நாம் எண்ணுவதேயில்லை. ஆனால் ஊர் மாறுவது என்றால் என்ன என்பதை நம் குடும்பங்களிலே முதலில் அறிந்தவள் அவளே.

சரி, ஒருவன் ஏன் புறப்படுகிறான்? கூலி அதிகம் என்பதனால் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். இது பாதி உண்மை. மானாவாரி நிலத்தில் வேலை செய்கிறவனுக்குக் கூலியின் அளவைக் காட்டிலும் வேலையின் இடைவெளியே பெரிய துன்பம். விதைப்பிலும் களையெடுப்பிலும் அறுவடையிலும் ஆள் தேடி வருகிறவர்கள், மற்ற மாதங்களில் அவனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நகரம் தருவது வாராவாரம் கைக்கு வருகின்ற பணம். அது சிறிதாயினும், இத்தனாம் தேதி இவ்வளவு வரும் என்று நம்பிக் கடனை அடைக்கலாம், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கலாம், ஏலச்சீட்டுக் கட்டலாம். இந்த நிச்சயத்தைத் தேடியே அவன் புறப்படுகிறான்.

இன்ன நகரத்திற்குத்தான் போவது என்று அவன் தீர்மானிப்பதற்குக் காரணம் வேறு. அங்கே ஏற்கெனவே ஒரு மாமனோ பங்காளியோ ஊர்க்காரனோ இருக்கிறான். முதல் பத்து நாள் சோறும் படுக்க இடமும் அவனிடம் கிடைக்கும். வேலைக்குச் சிபாரிசும் அவனே செய்வான். ஆகையால்தான் திருநெல்வேலிச் சீமையின் சில கிராமங்களிலிருந்து சென்னை மளிகைக் கடைகளுக்கும், திண்டுக்கல் தேனிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கும், சேலம் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கும் பாதைகள் பதிந்துவிட்டன.

மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. அதைச் சொல்லப் பலர் தயங்குகின்றனர். ஊரிலே ஒருவன் இன்ன தெருவைச் சேர்ந்தவன், இன்னாருடைய மகன், இன்ன வேலைக்குரியவன் என்று பிறக்குமுன்பே எழுதி வைத்துவிடுகிறார்கள். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையிற் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமத்தைப் புகழ்ந்து பாடுகிறவர்களை நோக்கி, அது குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் வகுப்பு வேற்றுமையும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சொன்னார். பேருந்தில் எவர் பக்கத்திலும் உட்காரலாம், தேநீர்க் கடையில் எந்தக் குவளையிலும் குடிக்கலாம் என்ற நிலை ஒருவனுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, அது மறுக்கப்பட்டவனே அறிவான். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போது நகரத்திலும் ஜாதியை விசாரிக்கிறார்கள் என்பது உண்மையே. அது நகரத்தின் களங்கம். எனினும், நகரம் தருகின்ற முகவரியற்ற சுதந்திரத்தை நாடி வந்தவர்கள் பலர் என்பதை மறந்துவிட்டு, கிராமத்தை விட்டது குற்றம் என்று உபதேசிப்பது நியாயமாகாது.

2. சென்னை: தறிகளுக்காக ஒரு பேட்டை

நகரங்கள் எவ்வாறு மக்களைத் தம்பால் இழுத்தன என்பதற்குச் சென்னைப்பட்டணத்தின் வரலாறு தக்க சான்று. 1639-இல் ஆங்கிலக் கம்பெனியார் இக்கடற்கரையில் இடம் பெற்றது துணி வாணிகத்தின் பொருட்டு. கப்பல் நிற்பதற்கு இயற்கையான துறைமுகம் இல்லாத மணற்கரை இது. இங்கே துணி வேண்டுமானால் நெய்வோர் வேண்டும். நெய்வோரோ தத்தம் ஊர்களில் இருந்தனர். அவர்களை வரவழைப்பதே அக்காலத்துக் கவர்னர்களின் கவலையாக இருந்தது.

1734-இல், மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, கூவம் நதி வளைந்து செல்லும் இடத்தில், சுங்குராம செட்டியார் என்பவரின் தோட்டமாக இருந்த நிலத்தைக் கம்பெனியார் எடுத்துக்கொண்டு, நெசவாளர்க்கென்றே ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினர். அதுவே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. வெயிலில் நின்று பாவு போட முடியாதாகையால் நெய்கிறவனுக்கு மரநிழல் வேண்டும். துணியை வெளுக்கிறவனுக்கு ஆற்று நீர் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன. நூற்போரும் நெய்வோரும் வெளுப்போரும் ஓரிடத்திற் குடியமர்த்தப்பட்டனர். வீடு கட்டிக்கொள்ளப் பணமும் முன்கூட்டிக் கொடுக்கப்பட்டது.

கம்பெனியார் தரும சிந்தனையால் இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. லாபமே அவர்கள் நோக்கம். நமக்கு இதில் உள்ள பாடம் வேறு: வேலை செய்ய ஆள் வேண்டுமென்றால், அவன் குடியிருக்கும் இடத்தையும், தொழில் செய்யும் இடத்தையும், அவனுக்கு வேண்டிய நீரையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணவேண்டும் என்பதை, லாபம் ஒன்றையே கருதிய ஒரு வியாபார ஸ்தாபனமும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

சுதந்திரம் பெற்ற பின்னர் நம் அரசாங்கமும் சில இடங்களில் இவ்வழியே சென்றது. 1955-இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது அதனோடு குடியிருப்பும் எழுந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்டியபோதும், 1960-களில் திருச்சிக்கருகே கொதிகலன் தொழிற்சாலை எழுந்தபோதும், வீடு, பள்ளி, மருத்துவமனை, கடைவீதி, விளையாட்டுத் திடல் எல்லாம் ஒரே திட்டத்தில் அமைந்தன. நிலம் கொடுத்த கிராமத்தார் அங்கே பட்ட துன்பம் தனிக்கதை; அதை நான் மறைக்கவில்லை. ஆயினும், உத்தியோகத்தோடு வீடும் சேர்ந்து வரவேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் உயிரோடிருந்தது.

அதற்குப் பின்னர் வந்த வளர்ச்சியில் இந்த எண்ணம் கைநழுவிப் போயிற்று. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் எழுந்தன. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் மோட்டார் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைந்தன. வேலைகள் லட்சக்கணக்கில் வந்தன. அவ்வேலை செய்வோர் எங்கே படுத்துறங்குவார்கள் என்ற கேள்விக்கு மட்டும் எவரும் பொறுப்பேற்கவில்லை. விளைவைக் கணக்கெடுப்பே காட்டுகின்றது. 2001-க்கும் 2011-க்கும் இடையே சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை நூற்றுக்கு 7 அளவே பெருகியபோது, அதனை ஒட்டிய காஞ்சிபுரம் மாவட்டம் நூற்றுக்கு 39 அளவும், திருவள்ளூர் மாவட்டம் 35 அளவும் பெருகின. சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் நெருங்கி வாழ்ந்த நகரின் நடுவிலே வாடகை கட்ட முடியாமல், மக்கள் கூடுவாஞ்சேரிக்கும் ஆவடிக்கும் அப்பால் சென்று வீடு தேடினார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை அவர்கள் நேரமாகக் கொடுக்கிறார்கள். விடியுமுன் எழுந்து, மின்சார ரயிலில் நின்றுகொண்டே பிரயாணம் செய்து, இருட்டிய பின் திரும்புகிற தகப்பன் தன் குழந்தையை விழித்திருக்கும் நிலையிற் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமையன்றுதான்.

வீடு கிடைத்தாலும் உள்ளே காலடி வைக்கப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டவேண்டும் என்பது சென்னையில் நெடுங்காலமாக நிலவிய வழக்கம். 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று விதித்தது. ஆனால் இருதரப்பாரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிடில் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்துவிட்டது. ஊருக்குப் புதிதாய் வந்து, மனைவி மக்களோடு வீடு தேடி அலைகிறவன், ஒப்பந்தத்தின் வாசகத்தை எதிர்த்து வாதாடும் நிலையில் இருப்பானா என்பதைச் சட்டம் செய்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

இதனினும் துயரமானது, நகரத்துக்குள்ளேயே நிகழ்கிற கட்டாய இடப்பெயர்ச்சி. கூவம், அடையாறு கரைகளிற் குடிசை போட்டுத் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியேற்றினர். உறுதியான சுவரும் கூரையும் கிடைத்தன என்பது நன்மையே. ஆயினும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும், சுமை தூக்குகிறவனுக்கும், மீன்கூடைக்காரிக்கும் பிழைப்பு இருந்தது பழைய இடத்தில். புதிய வீடோ அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில். காலை ஆறு மணிக்கு வேலைவீட்டில் இருக்கவேண்டியவளுக்கு அந்தத் தூரம் வேலையையே பறித்துவிடுகின்றது. சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தவர்கள் அறிந்திருந்ததைப் பெரும்பாக்கத்தை அமைத்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

3. கோவை: நீர் கொணர்ந்த வாழ்வு

மக்கள் விரும்பிச் சேரும் நகரங்களுள் கோயம்புத்தூர் தனியிடம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் மக்களை ஈர்க்கவில்லை, விரட்டியது. பிளேக் நோய் மீண்டும் மீண்டும் வந்து தாக்கியது. வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஜனங்கள் ஊருக்கு வெளியே கொட்டகைகளில் தங்கினார்கள். அந்நாளைய அச்சத்தின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே அங்கே கோயில்கள் இன்றும் உள்ளன. குடிநீர்ப் பஞ்சமோ சொல்லி முடியாது.

அந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று, மேற்கு மலைகளிலிருந்து சிறுவாணி நீர் வந்தது. மற்றொன்று, பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் முதல் பஞ்சாலை எழுந்திருந்தபோதிலும், ஆலைகள் பெருகியது 1932-க்குப் பின்னர், நீர்மின்சாரம் மலிவாகக் கிடைத்த காலத்திலேதான். ஆலைக்கு யந்திரம் வேண்டும். யந்திரத்தைப் பழுதுபார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறையில் பழகியவன் கிணற்றுக்கு நீர் இறைக்கும் பம்பைத் தானே வார்க்கத் தொடங்கினான். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டின் முதல் மின்மோட்டாரை அங்கே உருவாக்கினார்கள். அதன்பின் தொழிற்கல்லூரிகள் எழுந்தன, மருத்துவமனைகள் பெருகின. ஒருவன் ஆலைவேலைக்கு வந்தான். அவன் மகன் பாலிடெக்னிக்கில் படித்தான். பேரன் பொறியியல் படித்தான். மூன்று தலைமுறைக்கும் ஒரே ஊர் இடங்கொடுத்தமையால், வந்தவர்கள் வேரூன்றினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் சிறுவாணித் தண்ணீரின் சுவையும் வயோதிகர்களை இன்றும் அங்கே அழைக்கின்றன.

ஒரு நகரம் மக்களை நிலைத்து இருக்கச் செய்வது கூலியினால் மட்டுமன்று. நீராலும் கல்வியாலும் ஆரோக்கியத்தாலும் ஆகும் என்பதற்குக் கோவை உதாரணம். அங்கும் இப்போது நிலத்தின் விலை ஏறி, குளங்களின் கரைகள் குறுகி வருவதைக் காண்கிறோம். எந்தச் சௌகரியத்தை நாடி மக்கள் வந்தார்களோ, அதைக் காப்பாற்றாவிட்டால் அது வந்தவர்களின் எண்ணிக்கையாலேயே அழிந்துபோகும்.

4. திருப்பூர்: உழைப்பின் ஊர்

கோவையிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருப்பூரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கொடி காத்த குமரன் என்று நாம் போற்றும் தியாகி, 1932 ஜனவரியில் தடியடிபட்டு உயிர்நீத்த அவ்வூராலேயே பெயர் பெற்றவர். ஆனால் அவர் பிறந்தது சென்னிமலையில். திருப்பூருக்கு வந்தது பிழைப்பின் பொருட்டு. வந்தேறியவன் என்று இன்று எவரை நாம் ஒதுக்குகிறோமோ, அவரைப் போன்ற ஒருவரின் பெயரால்தான் அவ்வூர் தேசத்தின் சரித்திரத்தில் இடம் பெற்றிருக்கிறது.

1920-களில் ஒரு சில பின்னல் யந்திரங்களோடு தொடங்கிய பனியன் தொழில், 1980-களுக்குப் பின் ஏற்றுமதித் தொழிலாக விரிந்து, இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியிற் பெரும்பங்கை அவ்வூருக்குத் தேடித் தந்தது. அங்கே சென்றவன் படிப்புச் சான்று காட்ட வேண்டியதில்லை. தைத்த துணியை எடுத்து மடித்து அடுக்கும் கைமடி வேலையில் முதல்நாள் சேருகிறான். சில மாதங்களில் ஓவர்லாக் யந்திரத்தில் உட்காருகிறான். கை தேறினால் பீஸ்ரேட்டில் கூலி ஏறுகிறது. துணிந்தவன் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான். கூலிக்காரராய் இருந்து முதலாளி ஆனவர்கள் அவ்வூரில் எண்ணற்றோர். இந்த நம்பிக்கைதான் திருப்பூரின் காந்தம்.

அவ்வாறு வந்த ஒரு குடும்பம் வாழுமிடத்தைப் பாருங்கள். லைன் வீடு என்று அங்கே சொல்லுகிறார்கள். ஒரே வரிசையில் ஏழெட்டு அறைகள். ஒவ்வோர் அறையின் மூலையிலும் ஓர் அடுப்புத் திண்ணை. மேலே சிமெண்ட் ஷீட்டுக் கூரை. வரிசையின் கோடியில் எல்லாருக்கும் பொதுவாகக் குளியலறையும் கழிப்பறையும். வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும். உப்புத்தண்ணீர் குழாயில் வரும். நல்ல தண்ணீர் விடும் நாளில் வேலைக்குப் போகாமல் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். காலை எட்டரைக்குக் கணவனும் மனைவியும் கம்பெனிக்குள் நுழைந்தால், இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டு. கப்பலுக்குச் சரக்கு அனுப்பவேண்டிய அவசரமென்றால் இன்னும் நீளும். பள்ளி விட்டு நாலரை மணிக்குத் திரும்பும் பிள்ளை, பக்கத்து அறைப் பாட்டியிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, காலையில் வைத்துவிட்டுப் போன சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டு, தாய் வரும்வரை காத்திருக்கும். சனிக்கிழமை மாலை சம்பளம் கைக்கு வரும். வாடகைக்கும் மளிகைக்கும் சீட்டுக்கும் ஊரிலுள்ள தாய்தந்தையர்க்கும் பிரித்து வைத்தபின், மிச்சம் என்று ஒன்று இருக்குமானால், அதற்காகவே இவ்வளவும்.

அந்த மிச்சம் சிறிதேயாயினும் உண்மையானது என்பதை நான் வற்புறுத்திச் சொல்லவேண்டும். அந்த மிச்சத்திலே ஊரில் கடன் அடைந்திருக்கிறது. தங்கைக்குத் திருமணம் நடந்திருக்கிறது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்ட பெண்களின் தலைமுறை ஒன்று உருவாகியிருக்கிறது. இவற்றை எண்ணாமல், நகரவாழ்வைத் துயரமாக மட்டும் சித்திரிப்பவர்கள் உழைப்பவர்களின் விவேகத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஆயினும் இழப்பும் அங்கே பெரிது. சாயக் கழிவு கலந்து நொய்யல் ஆறு நஞ்சாகி, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகி, கீழ்மடை விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அதன் சுமை முதலில் விழுந்தது, கழிவை ஆற்றில் விடத் தீர்மானித்தவர்கள்மேல் அன்று. வாரச் சம்பளத்தை நம்பி லைன் வீட்டில் இருந்தவர்கள்மேல். மூட்டை முடிச்சுகளோடு பல குடும்பங்கள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறின.

ராவென்ஸ்டைன் சொன்னவாறே, தென்மாவட்டத்தார் விட்ட இடத்தை நிரப்ப இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தபோது, இந்நாட்டின் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியவர்கள் இத்தகையோர். நகரத்தைக் கட்டியவர்களுக்கு அந்நகரத்தில் ஒருமாதம் வேலையின்றித் தங்கியிருக்க இடமில்லை என்பதை நாடே கண்ணாரக் கண்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நம் மாநிலம் எந்த ஊர் ரேஷன் அட்டைக்கும் இங்கே அரிசி வழங்கும் திட்டத்தில் இணைந்தது வரவேற்கத்தக்கது.

5. இழப்புகள் இருவகை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். ஊர்த் திருவிழாவில் தேர் இழுக்கும்போது இல்லாமற் போவது, முதிர்ந்த தாயாரின் கடைசி நாட்களில் அருகிருக்க முடியாமை, பிள்ளைகள் தாத்தாவின் பேச்சுவழக்கை அறியாமல் வளர்வது: இவை பிரிவின் இயல்பான துயரங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நகரமே காலியாகும்படி ஜனங்கள் பஸ்களில் நெருக்கிக்கொண்டு ஊருக்கு ஓடுவது, இத்துயரத்தை அவர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது ஆற்றிக்கொள்ளும் முயற்சியே. இவற்றை அவரவர் மனவலிமையால் தாங்குவதன்றி வேறு பரிகாரம் இல்லை.

ஆனால், இரண்டு மணி நேரப் பிரயாணம், பத்து மாத முன்பணம், எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, தண்ணீருக்காக ஒருநாள் கூலியை விடுவது, தனியே கதவைத் திறக்கும் குழந்தை: இவை பிரிவின் இயல்பில் அடங்கியவையல்ல. இவற்றை எந்தத் தெய்வமும் விதிக்கவில்லை. திருமணச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதிக்குள்ளே அடைத்து வைத்த 'சுமங்கலித் திட்டம்' என்னும் முறையும் விதியன்று. மனிதர்கள் செய்த ஏற்பாடு. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றபோது, அப்பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். நல்ல உணவும் சுத்தமான இருப்பிடமும் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. 2024-இல் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க குடியிருப்பு திறக்கப்பட்டது. மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

6. செய்யத்தக்கவை

நான் வேண்டுவன சிலவே. தொழிற்சாலைக்கு நிலம் கொடுக்கும்போதே அங்கே உழைப்போருக்கு வாடகை வீடுகளும் விடுதிகளும் அமைய நிலம் ஒதுக்கப்படவேண்டும். தனியே வருபவருக்கு மட்டுமன்றிக் குடும்பத்தோடு வருபவருக்கும் அவை அமையவேண்டும். வாடகைச் சட்டத்தின் முன்பண வரம்பு, எவ்வித ஒப்பந்தத்தாலும் மீறமுடியாததாக ஆக்கப்படவேண்டும். தாயின் வேலைநேரம் முடியும்வரை பிள்ளை தங்கிப் படிக்க, பள்ளிகளிலேயே மாலைநேரக் காப்பகம் வேண்டும். குடிசைவாசிகளை அப்புறப்படுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய பிழைப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை முதலில் அளந்து பார்த்த பின்னரே புதிய இடத்தைத் தீர்மானிக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னை ஒன்றினிடத்திலேயே வேலைகளைக் குவிக்காமல், சேலம், மதுரை, திருநெல்வேலி முதலிய ஊர்களிலும் தொழில் வளரச் செய்தால், வாரந்தோறும் வீடு திரும்பத்தக்க தூரத்திலேயே ஒருவன் பிழைக்க வழியுண்டாகும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதேனும் ஒரு நகரத்திற்கு உத்தியோகம் நாடிச் செல்லப் போகிறீர்கள். செல்லுங்கள், தயங்கவேண்டாம். ஆனால் புறப்படுமுன் சம்பளத் தொகையை மட்டும் பார்க்காமல், வாடகை, பிரயாண நேரம், தண்ணீர், பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் முதுமை ஆகிய ஐந்தையும் அதனெதிரே எழுதிக் கணக்குப் பாருங்கள். உங்களுட் சிலர் அதிகாரிகளாகவும் தொழிலதிபர்களாகவும் நகராட்சி உறுப்பினர்களாகவும் வீட்டுச் சொந்தக்காரர்களாகவும் ஆவீர்கள். அன்று உங்கள் ஊருக்குப் புதிதாக வருகிறவன் எந்த ஜில்லாக்காரன், எந்தப் பாஷைக்காரன், எந்த ஜாதிக்காரன் என்று கேளாமல், அவனுக்கு இருக்க இடமும் குடிக்க நீரும் பிள்ளைக்குப் பள்ளியும் கிடைத்தனவா என்று கேளுங்கள். ஒருவனுடைய உழைப்பை ஏற்றுக்கொண்ட நகரம் அவனுடைய குடும்பத்தையும் ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது. இக்கடமையைச் செய்யாத நகரம் எத்தனை கோடி ஏற்றுமதி செய்தாலும் நாகரிக நகரம் ஆகாது.